நிரூபனின் விரதமும் டொக்டர் சொன்ன மூன்று வழிகளும்

என் தங்கை வேணுஜாவின் கணவர் நிரூபனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும், "சொன்னதைச் செய்யிற பெடியன்" என்பார்கள். அது அரைவாசி உண்மை. சொன்னதோடு நிறுத்தத் தெரியாது அவருக்கு. பிள்ளை வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை விரதம் பிடி என்றார்கள். அவர் செவ்வாயையும் திங்களையும் சேர்த்துக்கொண்டார். கிழமையில் பாதி நாள் அந்த வீட்டில் மரக்கறிதான். நான் மன்னார் பட்டினத்தில் தபால் கந்தோரில் வேலை செய்கிறவள். உப்புக்குளத்தில் வாடகை வீடு. மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அவர்கள் வீட்டுக்குப் போவதென்றால் என்ன கிழமை என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம் அவர்களுடையது. சண்டைக் காலத்தில் எல்லோரையும் போல உழவு இயந்திரத்தில் பாயையும் பானையையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள், ஊரூராக இழுபட்டு, முகாமில் கிடந்து, திரும்பி வந்தபோது வயலில் ஆளுயரத்துக்கு முட்பற்றை நின்றது. தகப்பன் கனகரத்தினத்துக்கு அதைப் பார்த்ததும் மனம் விட்டுப்போயிற்று. நிரூபன்தான் கண்ணிவெடி அகற்றிக் கொடுத்த முதல் துண்டில் தொடங்கி, ஒவ்வொரு பற்றையாக வெட்டி, வேர் கிளப்பி, மாரிக் காலபோக விதைப்புக்கு நிலத்தைக் கொண்டுவந்தார். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் எங்கள் அப்பா வேணுஜாவைக் கொடுத்தார். நல்ல முடிவுதான். அதில் எனக்கு இன்றுவரை குறை இல்லை.

பிள்ளைதான் இல்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று பார்த்திருந்ததில் பத்து வருடம் ஓடிப்போயிற்று. ஊர் வாய்க்கு அகப்பட்டது வேணுஜாதான். சோதனையெல்லாம் அவளுக்குத்தான். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் பார்த்தார்கள், கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்திப் படம் பிடித்தார்கள். குழாய்கள் இரண்டும் திறந்திருக்கின்றன, முட்டையும் ஒழுங்காக வருகிறது என்றார்கள். முட்டை வளர்வதற்கு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். "அப்ப அவரையும் ஒருக்காச் சோதிச்சால் என்ன?" என்று கடைசியில் வாய்விட்டுக் கேட்டவள் நான். ஆம்பிளைக்குரிய சோதனை ஒரு சின்னப் போத்தலோடு முடிகிற வேலை. அந்தப் போத்தலைக் கையில் எடுக்க எங்கள் பக்கத்தில் பத்து வருடம் வேண்டியிருக்கிறது.

நிரூபன் மறுக்கவில்லை. அந்த வருடம் அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். அதுவும் பிள்ளை வரம் கேட்டுத்தான். கார்த்திகை முதலாந் திகதி மாலை ஏறினால், மலைக்குப் போய்வந்து அதைக் கழற்றும்வரை கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளிப்பு, தனிப் பாய். கட்டிய மனைவியும் "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். குருசாமி சின்னத்தம்பியோடு சபரிமலைக்குப் போனவர், வழியில் காய்ச்சல் பிடித்து, பொங்கல் கழிய வந்து சேர்ந்தார். வந்த கையோடு, உடம்பு தேறுவதற்கு முன்னமே, யாழ்ப்பாணத்தில் ஒரு கிளினிக்குக்குப் போய்ச் சோதனைக்குக் கொடுத்துவிட்டார். பிரசாதம் வாங்கிய கையோடு கொடுத்தால் நல்லதுதானே என்று வேணுஜாவும் நினைத்தாள்.

முடிவு நல்லதாக வரவில்லை. டொக்டர் ஜெஸ்லியா, தாய்வழியில் முள்ளிக்குளத்துப் பிள்ளை, பொறுமையாகத்தான் சொன்னாவாம். "எண்ணிக்கை காணும். ஆனா பெரும்பாலானது ஓடேல்லை, கனக்கச் செத்துக் கிடக்குது. இதே நிலைமை எண்டால் இக்ஸி எண்ட முறைதான் யோசிக்கவேணும், அதுக்குக் கொழும்புக்குப் போகவேண்டி வரும். ஆனா ஒரு சோதனையை வைச்சு நான் முடிவு சொல்லமாட்டன். மூண்டு மாதத்தால திரும்ப ஒருக்கா வந்து குடுங்கோ."

"செத்துக் கிடக்குது" என்ற சொல்லோடு நிரூபனின் காது அடைத்துவிட்டது. பிறகு சொன்ன எதுவும் உள்ளே போகவில்லை. மூன்று மாதம் போயிற்று, ஆறு மாதம் போயிற்று, கிளினிக் பக்கம் தலை வைக்கவில்லை. வேணுஜா கதையைத் தொடங்கினால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரம்பு கட்டப் போய்விடுவார். கோடைச் சிறுபோக விதைப்பே இல்லாத வயலில் அந்த வருடம் கட்டப்பட்ட அளவு வரம்பு வேறெந்த வருடமும் கட்டப்பட்டிராது. கார்த்திகை பிறந்ததும் மனிதர் மறுபடி மாலையைப் போட்டுக்கொண்டார்.

மாலை போட்டு இரண்டு கிழமை இருக்கும். கந்தோரில் முத்திரை விற்றுக்கொண்டிருந்தபோது வேணுஜாவின் அழைப்பு வந்தது.

"அக்கா, அவர் என்னைப் போகச் சொல்லுறார்."

"எங்க போகச் சொல்லுறார்?"

"விட்டுட்டுப் போகச் சொல்லுறார் அக்கா. வேற கலியாணம் செய்யட்டாம்."

நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு என்ன கிழமை என்றுகூடப் பார்க்கவில்லை. நிரூபன் கிணற்றடியில் வேட்டி அலம்பிக்கொண்டு நின்றார். சாதாரணமாக நான் அவரை "நீங்கள்" என்றுதான் பேசுவேன். கோபம் வந்தால் அது என் வாயில் நிற்காது.

"என்ன நிரூபன், என்ன கதை கதைச்சனீர் அவளிட்ட?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அக்கா, குறை எனக்குத்தான். டொக்டரே சொல்லிப்போட்டா. அவளுக்கு முப்பத்தேழு ஆகுது. இன்னும் என்னோட இழுபட்டால் அவளின்ர காலமும் போயிடும். வேற ஆரையும் கட்டினால் அவளுக்கு ஒரு பிள்ளை கிடைக்கும். நான் குறுக்க நிக்கமாட்டன்."

"அவளுக்குப் பிள்ளை வேணுமோ, உம்மட பிள்ளை வேணுமோ எண்டு கேட்டனீரோ? மாலையும் கழுத்துமா நிண்டுகொண்டு கட்டின மனிசியைக் கலைக்கிற சாமியை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

இன்னும் நாலு சொல் வைத்திருந்தேன். சொல்ல முடியவில்லை. அந்த மனிதர், முகாமில் தாயைப் பறிகொடுத்தபோதும் எல்லோருக்கும் தேறுதல் சொல்லிக்கொண்டு திரிந்தவர், கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. வேணுஜா குசினி வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் அழுது முடிச்சால் சாப்பிட வாங்கோ" என்றாள். அன்றைக்குச் சோற்றோடு பூசணிக்காய்தான். மீன் இல்லாமலே எனக்குச் சோறு இறங்கியது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தோம். டொக்டரிடம் மூன்று பேருமாகப் போவது, இருக்கிற வழி எல்லாவற்றையும் கேட்பது, கேட்ட பிறகு விடுவதா பிடிப்பதா என்று அவர்கள் இருவரும் சேர்ந்து தீர்மானிப்பது. டொக்டர் சொல்வதைப் பாதியில் விட்டுவிடாமல் கேட்பதற்குத்தான் நான். "எனக்கும் அவருக்கும் அங்க போனால் காது கேக்காது அக்கா" என்றாள் வேணுஜா.

அடுத்த கிழமை பூநகரிப் பாதையால் யாழ்ப்பாணம் போனோம். நிரூபன் கறுப்பு வேட்டியும் தாடியும் வெறுங்காலுமாகக் கிளினிக் கதிரையின் நுனியில் குந்தியிருந்தார். டொக்டர் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தா. நான்தான் தொடங்கினேன். "டொக்டர், என்னென்ன வழி இருக்குது, எது ஆருக்கு, எல்லாத்தையும் விளங்கச் சொல்லுங்கோ."

டொக்டர் விரலை மடித்துச் சொல்லத் தொடங்கினா. முதலாவது ஐ.யூ.ஐ. முட்டை வெளிவருகிற நாளை ஸ்கானில் பார்த்து, கணவனின் விந்தைக் கழுவி, நன்றாக ஓடுவதை மட்டும் பிரித்து, மெல்லிய குழாயால் கர்ப்பப்பைக்குள் விடுவது. மயக்க மருந்து இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கரு சேருவது உடம்புக்குள்தான். ஆனால் குழாய் திறந்திருக்க வேண்டும், ஓடுகிற விந்து போதியளவு வேண்டும். ஒரே தரத்தில் சரிவருகிறவர்கள் குறைவு, ஒன்றிரண்டு தரம் கூடச் செய்ய வேண்டி வரும்.

இரண்டாவது ஐ.வி.எவ். நாளாந்தம் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்து, மயக்கிவிட்டு ஊசியால் எடுத்து, வெளியே ஒரு தட்டில் விந்தோடு சேர்த்து, உருவான கருவைச் சில நாளில் உள்ளே வைப்பது. குழாய் அடைத்தவர்களுக்கு அதுதான் வழி. ஒரு தரத்துக்கு வாய்ப்பும் ஐ.யூ.ஐ.யைவிடக் கூட. ஆனால் உடம்புக்கும் மனதுக்கும் பாரம். மூன்றாவது இக்ஸி. அதுவும் ஐ.வி.எவ். மாதிரித்தான். ஆனால் தட்டில் தானாகச் சேரட்டும் என்று விடாமல், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தை ஊசியால் பிடித்துச் செலுத்துவது. ஆணுக்கு ஓட்டம் மிகக் குறைவென்றால் அது வேண்டும்.

"அப்ப விலை கூடினதுதானே நல்லது, டொக்டர்?" என்று கேட்டாள் வேணுஜா.

"இல்லை பிள்ளை. ஆம்பிளைக்குக் குறை இல்லாட்டி இக்ஸியால கூடுதல் லாபம் ஒண்டுமில்லை. ஆருக்கு என்ன குறையோ அதுக்கேத்த வழிதான் நல்ல வழி. இன்னொண்டும் சொல்லுறன். எந்த முறையாலயும் முட்டையின்ர வயசைக் குறைக்க ஏலாது. அதால நீங்கள் இனிக் காலத்தை வீணாக்கக்கூடாது." பிறகு நிரூபனுக்கு விளங்கட்டும் என்று சேர்த்தா. "வயல்காரருக்குச் சொல்லுறதெண்டால், ஐ.யூ.ஐ. விதைக்கிற மாதிரி, ஐ.வி.எவ். நாத்து மேடை போட்டுப் பிடுங்கி நடுற மாதிரி."

வந்ததிலிருந்து வாய் திறக்காத மனிதர் அப்போதுதான் திறந்தார். "எங்கட பக்கம் ஆரும் நடுறேல்லை டொக்டர். விதைப்புத்தான்."

எனக்கு மேசையில் தலையை முட்டவேண்டும்போல இருந்தது. டொக்டர் சிரித்துவிட்டா. சிரித்தபடியே அவரின் கழுத்தைப் பார்த்தா.

"சாமி, எப்ப மாலை போட்டனீங்கள்?"

"கார்த்திகை ஒண்டு, டொக்டர்."

"போன முறையும் போட்டனீங்களோ?"

"ஓம். மலைக்குப் போட்டு வந்துதான் இஞ்ச சோதனைக்குக் குடுத்தனான்."

டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தா. "மாலை கழட்டி எத்தினை நாளால?"

"அடுத்த நாள்."

"அப்ப அந்த விரதம் முழுக்க..." டொக்டர் வசனத்தை முடிக்காமல் வேணுஜாவைப் பார்த்தா. வேணுஜா தலையைக் குனிந்துகொண்டு, "தனிப் பாய்தான் டொக்டர். வழியில நல்ல காய்ச்சலும் வந்தது" என்றாள்.

"மூண்டு நாள் விலகி இருந்தனீங்களோ எண்டு எங்கட லாப் பிள்ளையள் கேட்டிருப்பினமே?"

"கேட்டவை. ஓம் எண்டு சொன்னனான்." நிரூபன் குரலில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. "மூண்டு நாள் இருந்தாலே நல்லது எண்டால், ரெண்டு மாதம் இருந்தால் இன்னும் நல்லதுதானே எண்டு நினைச்சன். சேர்த்து வைச்சால் பலம்தானே?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. "ஐயா, மூண்டு நாள் எண்டால் மூண்டு நாள்தான். ஒரு கிழமைக்கு மேல போகக்கூடாது. சேர்த்து வைச்சால் எண்ணிக்கை கூடும், ஆனா கிடந்து கிடந்து பழசாகும், ஓட்டம் குறையும், செத்ததும் கூடும். அதோட நல்ல காய்ச்சலும் வந்ததெண்டு வேணுஜா சொன்னவா. ரெண்டும் சேர்ந்தால் சோதனை நல்லா வருமோ?"

நிரூபன் மெல்லச் சொன்னார். "ரெண்டு போகம் கிடந்த விதைநெல்லை நான் கையாலயும் தொடுறேல்லை டொக்டர். மூட்டை மூட்டையாக் கொட்டினாலும் முளைக்காது."

"அதேதான்" என்றா டொக்டர். "ஆனா குறை இதாலதான் எண்டு இண்டைக்கே அடிச்சுச் சொல்லமாட்டன். மாலை கழட்டி, வீட்டில வழமையா இருந்து, பிறகு மூண்டு நாள் விட்டு வந்து குடுங்கோ. அப்ப தெரியும் எந்த வழி எண்டு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வேணுஜா யன்னலோரம் இருந்தாள். சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது வேணுஜா சிரிக்கத் தொடங்கினாள். "சேர்த்து வைச்சவராம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருடமாக என் தங்கை சிரித்ததை நான் கேட்கவில்லை. நிரூபன் முகத்தை மூடிக்கொண்டிருந்தாலும் தோள் குலுங்கியது. முடிவு இன்னும் தெரியாது, பயம் போய்விடவில்லை, ஆனாலும் அந்தப் பாலத்தில் எங்களுக்கு நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கிப்போயிற்று.

மாலையை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. என்னைக் கேட்டால் அன்றைக்கே கழற்றி ஆணியில் மாட்டியிருப்பேன். நிரூபன் குருசாமி சின்னத்தம்பியிடம் போய்க் கேட்டார். சின்னத்தம்பி பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சுற்றி வளைக்கமாட்டார். "மலை எங்கயும் ஓடிப் போகாது தம்பி. மண்டல பூசையண்டைக்கு எங்கட கோயில்லயே இருமுடியை இறக்கி மாலையைக் கழட்டும். பிள்ளை கேட்டு வந்தவனைப் பிள்ளை பெறவிடாமல் வைச்சிருக்க ஐயப்பனுக்கும் விருப்பமிராது" என்றார். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மாசி மாதம் மறுபடி சோதனை. "மூண்டு நாள் அக்கா, ஒரு நாளும் கூடேல்லை" என்று நிரூபன் எனக்கு வாக்குமூலம் தந்தார். எனக்கேன் அந்தக் கணக்கு என்று வாயை மூடச் சொன்னேன். முடிவை வாங்கிப் பார்த்த டொக்டர் முதலில் வேணுஜாவைத்தான் பார்த்தா. "ஓட்டம் நல்லாயிருக்குது. இக்ஸி வேண்டாம், கொழும்பும் வேண்டாம். உங்கட வயசுக்குச் சும்மா காத்திருக்கிறதும் சரியில்லை. ஐ.யூ.ஐ. மூண்டு தரம் செய்து பாப்பம். சரிவராட்டி ஐ.வி.எவ்.வுக்குப் போவம்."

நிரூபன் எழுந்து கும்பிட்டார். வெளியே வந்து எங்களுக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார், தானும் வாங்கிக் குடித்தார், முடிந்ததும் இன்னொன்று வாங்கினார். உயிரோடு திரும்பி வந்த ஒருவரின் முகம் அது. குறை தன்னிடம் இல்லை என்பதைவிட, வேணுஜாவை இனி அனுப்ப வேண்டியதில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய ஆறுதல் என்று எனக்குப் பட்டது.

முதல் தரம் சரிவரவில்லை. அந்தக் கிழமை வேணுஜா என் வீட்டில் கட்டிலை விட்டு எழும்பவில்லை. தன் காலம் முடிந்துவிட்டதென்றே நினைத்தாள். நிரூபன் அறுவடையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். இந்த முறை வரம்பு கட்டப் போகவில்லை. "டொக்டர் மூண்டு தரம் எண்டவா. ரெண்டு கிடக்குது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதோடு அவர் நிறுத்தியதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இரண்டாம் தரம் செய்து, பார்க்கவேண்டிய நாள் வந்தபோது, வேணுஜா என் வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே நானும் நிரூபனும். கதவு திறந்தது. அவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு றுஷ்தா ஓடிவந்துவிட்டா. மார்கழியில் பெண்பிள்ளை பிறந்தது. தகப்பனின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. பால் வேண்டுமென்றால் அந்தக் கணமே வேண்டும்.

போன கார்த்திகை முதலாந் திகதி கோயிலில் புதியவர்களுக்கு மாலை போடும் நாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்களும் போனோம். சின்னத்தம்பி ஒவ்வொருவருக்கும் விரத ஒழுங்கைச் சொல்லி முடித்ததும், யாரும் கேட்காமல் நிரூபன் எழுந்து நின்றார். மைக் இல்லை, பெண்கள் பக்கமும் கேட்கிற குரலில் சொன்னார். "பிள்ளை வரம் கேட்டு மாலை போடுற ஆக்கள், ஆம்பிளையள் சோதிக்கிறதெண்டால் மாலை போடமுதல் சோதியுங்கோ. மாலை கழட்டின கையோட குடுக்காதேங்கோ. நான் குடுத்தனான். குறை என்னிலதான் எண்டு நினைச்சு இவளை விட்டுடப் பாத்தனான்." இரண்டொருவர் சிரித்தார்கள். பலர் நிலத்தைப் பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேணுஜா பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து வெளிக்கிடும்போது மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ரவிசந்திரன் வந்து நின்றார். பக்கத்துக் குடியேற்றத்தில் கூலி வேலை செய்கிறவர். பிள்ளை இல்லையென்று மனைவி ரஜிதாவைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்பது ஊரறிந்த கதை. அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"நிரூபன் அண்ணே, அந்தச் சோதனைக்குப் போறதுன்னா, முதல்ல யாரைப் பார்க்கணும்?"

நிரூபன் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"முதல்ல போய் உம்மட மனிசியைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.